அழைக்கும் நாட்காட்டி

சுவரிலே தொங்கும் நாட்காட்டி வாய் திறந்து பேசுவதில்லை. புத்தாண்டிலே கடைக்காரர் கொடுத்ததாயினும், வங்கியிலிருந்து வந்ததாயினும், கோயிலிலே பெற்றதாயினும், தன்மேல் எழுதப்பட்டதைத் தாங்கிக்கொண்டு அது சும்மா தொங்கும். வீட்டில் உள்ளவர்களே அதன் அருகே சென்று, இன்று என்ன நாள், நாளை என்ன கருமம் என்று பார்த்து அறிதல் வேண்டும். பார்க்க மறந்தவரை அது பெயர் சொல்லி அழைக்காது. கைத்தொலைபேசியிலே அமைந்த நாட்காட்டியோ குறித்த நேரம் வந்ததும் ஒலியெழுப்பி அழைக்கின்றது. நாட்காட்டிச் செயலியைப் புதிதாகத் தெரிவு செய்பவர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டியது இந்த ஒரு வேறுபாட்டையே. அழகும் நிறமும் பல வகை வசதிகளும் இதற்குப் பின்னரே எண்ணத் தக்கவை.

தவறவிட்ட நாள் ஒன்றால் என்ன நட்டம் வந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். நீரிழிவுக்காக அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குச் செல்லும் முதியவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அடுத்து வரவேண்டிய திகதியை அங்குள்ளவர்கள் அவருடைய கிளினிக் கொப்பியிலே எழுதிக் கொடுக்கின்றனர். அந்தத் திகதிவரைக்கும் போதுமான மருந்தே அவருக்குக் கிடைக்கின்றது. கொப்பி மருந்துப் பையினுள்ளே கிடக்கும். பை அலுமாரியினுள்ளே கிடக்கும். நாள் கடந்த பின்னர்தான் நினைவு வருகின்றது; அதற்குள் மருந்தும் தீர்ந்துவிடுகின்றது. அடகு வைத்த நகையை மீட்கும் தவணை, பரீட்சை விண்ணப்பத்தின் இறுதி நாள், சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் நாள் ஆகியனவும் இத்தகையனவே. இவற்றை மறந்தவர் பணத்தாலோ காலத்தாலோ உடல் நலத்தாலோ விலை கொடுக்க நேருகின்றது. ஆதலின் நாட்காட்டிச் செயலியை ஒரு விளையாட்டுப் பொருளாக எண்ணுதல் தகாது. மனிதன் தன் நினைவாற்றலின் ஒரு பகுதியை அதனிடம் ஒப்படைக்கின்றான். ஒப்படைக்குமுன் அது நம்பத் தக்கதா என்று ஆராய்தல் அறிவுடைமையாகும்.

இரு வகைச் செயலிகள்

கைத்தொலைபேசியின் செயலிக் கடையிலே ‘நாட்காட்டி’ என்று தேடுபவருக்குத் தம்முள் வேறான இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலந்து காட்சியளிக்கும். முதலாவது வகை, நாள்தோறும் கிழிக்கும் தாள் நாட்காட்டியின் மறுவடிவம். அன்றைய தமிழ்த் திகதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், விரத நாட்கள் ஆகியவற்றை அது காட்டும். இத்தகைய செயலி பார்ப்பதற்குரியது, சொந்தக் கருமங்களைக் குறித்து வைப்பதற்கு அதிலே பெரும்பாலும் இடமில்லை, இருப்பினும் சிறிதளவே. இதனைத் தெரிவு செய்பவர், கணிப்பு வாக்கிய முறையா திருக்கணித முறையா என்பதையும், எந்த ஊரை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். இரு முறைகளுக்கும் இடையே திதி முடியும் நேரம் வேறுபடுவதுண்டு. நல்ல நேரங்களோ அவ்வவ்வூரின் சூரிய உதயத்தைப் பொறுத்தவை.

இரண்டாவது வகை, நாட்குறிப்புப் புத்தகத்தின் மறுவடிவம். மாதமும் நாளும் நேரமும் கட்டங்களாக அதிலே வெறுமையாக இருக்கும். உரியவர் தம் கருமங்களை அவற்றிலே எழுதி வைப்பார். செயலி குறித்த நேரத்தில் அவரை அழைக்கும். கூகிள் கலண்டர், அப்பிள் நிறுவனத்தின் கலண்டர், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் ஆகியன இவ்வகையின. புதிதாகத் தொடங்குவோர் பலர் முதல் வகையைப் பதிவிறக்கிவிட்டு, ‘இது என்னை அழைக்கவில்லையே’ என்று மனம் சலிப்பதுண்டு. அழைப்பது இரண்டாவது வகையின் தொழில். இரண்டும் ஒரே கைத்தொலைபேசியில் இருப்பதிலே தடையில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றிலே எழுதிக்கொள்ளலாம். இனிச் சொல்லப்படுவன யாவும் இரண்டாவது வகையைப் பற்றியனவே.

முதலாவது கேள்வி: உரிய நேரத்தில் அழைக்குமா?

ஒரு செயலியைச் சோதிக்கும் முதலாவது வழி மிக எளியது. பத்து நிமிடங்களின் பின்னர் நிகழப்போவதாக ஒரு கருமத்தை எழுதி, ஐந்து நிமிடங்களுக்கு முன் அறிவிக்குமாறு பணித்து, கைத்தொலைபேசியின் திரையை அணைத்து மேசைமேல் வைத்துவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அது ஒலித்தால் முதற் சோதனையில் வென்றது. ஒலிக்காவிடின் குறை பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றிலே இருக்கும்.

முதலாவது இடம், அறிவிப்புக்கான அனுமதி. 2022ஆம் ஆண்டில் வெளியான அன்ட்ரொயிட் 13 முதல், அறிவிப்புச் செய்ய விரும்பும் செயலி உரியவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கின்றது. ஐபோனிலும் இவ்வாறு கேட்கும் முறை உண்டு. எதற்கும் ‘வேண்டாம்’ என்று அழுத்திப் பழகியவர், நாட்காட்டி கேட்கும்போதும் அவ்வாறே அழுத்திவிடுகின்றார். அதன் பின்னர் அச்செயலியும் சுவர் நாட்காட்டியைப் போல ஊமையாகிவிடுகின்றது. இரண்டாவது இடம், மின்கலச் சேமிப்பு ஏற்பாடு. சில கைத்தொலைபேசிகள் மின்னைச் சேமிப்பதற்காகத் திரைக்குப் பின்னால் இயங்கும் செயலிகளை உறங்கச் செய்கின்றன. நாட்காட்டிக்கு மட்டும் அதிலிருந்து விலக்களித்தல் நலம். மூன்றாவது இடம், ‘தொந்தரவு செய்யாதே’ என்னும் நிலை. கோயிலிலோ கூட்டத்திலோ அதனை இயக்கிவிட்டு நிறுத்த மறந்தவருக்கு எந்த அறிவிப்பும் ஒலியாக வராது.

அழைக்கும் நேரமும் கருதத் தக்கது. செயலி தானாக வைக்கும் முன்னறிவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு உரியது. அடுத்த அறையிலே கூட்டம் உள்ளவருக்கு அது போதும். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் பேருந்தில் வரவேண்டியவருக்கு அதனாற் பயன் இல்லை. அவருக்கு முதல் நாள் மாலையில் ஓர் அறிவிப்பும், அன்று அதிகாலையில் மற்றோர் அறிவிப்பும் வேண்டும். ஒரே கருமத்துக்கு இரண்டு அறிவிப்புகளை வைக்க இடந்தராத செயலியை விலக்கிவிடலாம். நாட்காட்டியின் அறிவிப்பு பொதுவாக ஒருமுறை ஒலித்து அடங்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். உறங்குபவரை எழுப்புவதற்கு உரியது அலாரமே. அந்தத் தொழிலை நாட்காட்டியிடம் ஒப்படைத்தல் ஆகாது.

இரண்டாவது கேள்வி: எழுதியது எங்கே இருக்கின்றது?

கைத்தொலைபேசி தண்ணீரில் விழலாம். பேருந்திலே களவு போகலாம். அப்போது அதில் எழுதிய நாட்கள் என்னாகும்? விடை, அவை எங்கே சேமிக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. சில செயலிகள் எழுதுவதைக் கைத்தொலைபேசியினுள்ளேயே வைத்திருக்கும். கருவி போனால் அவையும் போகும். வேறு சில, உரியவரின் கணக்கோடு இணைந்து, எழுதுவதன் பிரதி ஒன்றை நிறுவனத்தின் கணினியிலும் வைத்திருக்கும். புதிய கருவி ஒன்றை வாங்கி அதே கணக்கினுள் நுழைந்தால் எழுதியவை யாவும் திரும்ப வந்து சேரும். கூகிள், அப்பிள், மைக்ரோசொப்ட் ஆகியவற்றின் நாட்காட்டிகள் இம்முறையில் இயங்கவல்லன.

இம்முறையிலே இரண்டு ஐயங்கள் எழுவதுண்டு. இணையம் இல்லாத இடத்தில் அழைப்பு வருமா என்பது ஒன்று. கைத்தொலைபேசிச் செயலி தன்னிடமும் ஒரு பிரதியை வைத்திருப்பதால், முன்னரே வந்து சேர்ந்த கருமத்துக்கு உரிய நேரத்தில் அது ஒலிக்கும். புதிதாக எழுதியதை மற்றைக் கருவிகளுக்கு அனுப்புவதற்கே இணையம் வேண்டும். அதற்குச் செலவாகும் தரவும் மிகச் சிறிது. கணக்கின் கடவுச்சொல்லை மறந்தால் என்ன செய்வது என்பது மற்றைய ஐயம். இது உண்மையான ஆபத்தே. கடையிலே கைத்தொலைபேசி வாங்கும்போது கடைக்காரப் பையனே ஒரு கணக்கை உண்டாக்கிக் கொடுத்துவிடுகின்றான். உரியவருக்கு அதன் பெயரும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. அத்தகைய கணக்கிலே எழுதப்பட்டவை, கருவி பழுதடையும் நாளில் எழுதப்படாதவைக்குச் சமம். ஆதலால் நாட்காட்டியிலே முதலாவது கருமத்தை எழுதுமுன், கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொப்பியொன்றில் எழுதி வீட்டிலே பத்திரமாக வைத்தல் வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வெளியே எடுத்துச் செல்ல முடியுமா?

வீட்டை வாடகைக்கு எடுப்பவர் வாசற்கதவு எங்கே என்று பார்ப்பது போல, செயலியைத் தெரிவு செய்பவரும் வெளியேறும் வழியைப் பார்த்தல் வேண்டும். செயலிகள் நிலையானவையல்ல. சன்ரைஸ் என்னும் நாட்காட்டியைப் பலர் விரும்பிப் பாவித்து வந்தனர். 2015ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கி, 2016ஆம் ஆண்டில் மூடிவிட்டது. அன்ட்ரொயிட் கருவிகளில் ‘சிம்பிள் கலண்டர்’ என்னும் எளிய செயலி விளம்பரமின்றி இயங்கி நற்பெயர் பெற்றிருந்தது. 2023ஆம் ஆண்டின் இறுதியிலே அது உள்ளிட்ட செயலித் தொகுதி சிப்போஅப்ஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதன் மூலநிரல் எவரும் எடுத்தாளத் தக்கதாய் இருந்தமையால், ஆர்வலர் சிலர் அதிலிருந்து ‘பொசிபை கலண்டர்’ என்னும் பெயரிலே புதிய கிளையொன்றை வளர்த்தெடுத்தனர். மூடாத செயலியிலும் வசதிகள் மறைவதுண்டு: கூகிள் கலண்டர் ஒரு காலத்திலே குறுஞ்செய்தி மூலமும் நினைவூட்டி வந்தது, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது.

இந்த நிலையாமைக்கு ஒரு மருந்து உண்டு. 1998ஆம் ஆண்டிலே, லோட்டஸ் நிறுவனத்தின் பிராங்க் டோசன், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டெரிக் ஸ்டெனர்சன் ஆகிய இருவரும் எழுதிய பொது நியமம் ஒன்று இணையப் பொறியியற் பணிக்குழுவினால் வெளியிடப்பட்டது. ஐகலண்டர் என்பது அதன் பெயர். 2009இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. ஒரு கருமத்தின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், மீண்டும் வரும் முறை ஆகியவற்றை எவ்வாறு எழுத வேண்டும் என்பதை அது வரையறுக்கின்றது. ஆண்டும் மாதமும் நாளும் எட்டு இலக்கங்களாகவும், நேரம் ஆறு இலக்கங்களாகவும் அதிலே எழுதப்படும். அம்முறையில் அமைந்த கோப்பின் பெயர் ஐ.சி.எஸ். என முடியும். போட்டி நிறுவனங்களும் இந்த ஒரே நியமத்தை ஏற்றுக்கொண்டமையால், ஒன்றிலே எழுதியதை மற்றொன்று படிக்க முடிகின்றது. ஆகவே செயலியின் அமைப்புப் பகுதியிலே ‘ஏற்றுமதி’ என்னும் வசதி உண்டா, அது ஐ.சி.எஸ். கோப்பைத் தருமா என்று பார்த்தல் வேண்டும். கூகிள் கலண்டரில் இவ்வசதியைக் கைத்தொலைபேசிச் செயலியிலே காண முடியாது. கணினியிலே அதன் இணையப் பக்கத்தைத் திறந்து அமைப்புப் பகுதிக்குச் செல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவ்வாறு ஒரு பிரதி எடுத்து வைத்தல் நல்ல பழக்கமாகும்.

நான்காவது கேள்வி: பதிலாக எதைக் கேட்கின்றது?

ஒருவருடைய நாட்காட்டியைப் படித்தால் அவருடைய வாழ்க்கையையே படித்துவிடலாம். எந்த நோய்க்கு எந்த வைத்தியரிடம் செல்கின்றார், எந்த நாட்களில் வீடு பூட்டிக்கிடக்கும், எந்த வங்கியிலே கடன் உண்டு என்பன யாவும் அதில் இருக்கும். ஆகவே செயலி கேட்கும் அனுமதிகளை ஒவ்வொன்றாக நோக்குதல் வேண்டும். நாட்காட்டியைப் படிக்கவும் எழுதவும் அனுமதி கேட்பது இயல்பு. அறிவிப்புச் செய்ய அனுமதி கேட்பதும் இயல்பு. பிறந்த நாட்களைக் காட்டுவதற்காகத் தொடர்பு எண்களைக் கேட்டால், கொடுப்பதும் மறுப்பதும் உரியவரின் விருப்பம். நாட்களைக் குறித்து வைக்கும் செயலிக்கு ஒலிவாங்கி எதற்கு? எப்போதும் இருக்கும் இடத்தை அறிவது எதற்கு? காரணம் சொல்லாமல் இவற்றைக் கேட்கும் செயலியை விலக்குவதே நன்று. நாட்காட்டிக்குத் தொடர்பில்லாத பிற செயலிகளும் அதனைப் படிக்க அனுமதி கேட்பதுண்டு. அப்பிள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஐ.ஓ.எஸ். 17 முதல், புதிய நிகழ்வைச் சேர்க்கும் அனுமதியும் முழு நாட்காட்டியையும் படிக்கும் அனுமதியும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

அழையா விருந்தாளிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மின்னஞ்சல் முகவரியை அறிந்த எவரும் ஒரு நிகழ்வுக்கான அழைப்பை அனுப்ப முடியும். சில அமைப்புகளில் அது தானாகவே நாட்காட்டியிலே வந்து அமர்ந்துவிடும். ‘உங்களுக்குப் பரிசு விழுந்துள்ளது, இங்கே அழுத்துக’ என்று வரும் நிகழ்வுகள் இவ்வழியாக வருவனவே. அவற்றைத் தொடாமல் நீக்கிவிட வேண்டும். அறிந்தவரின் அழைப்பை மட்டும் சேர்க்குமாறு கூகிள் கலண்டரின் அமைப்புப் பகுதியிலே பணிக்கலாம்.

இந்நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப அமைத்தல்

செயலிகளை ஆக்கியோர் பெரும்பாலும் அமெரிக்காவில் உள்ளவர்கள். அங்கே மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவது வழக்கம். 04/05 என்பது இலங்கையிலே மே மாதம் 4ஆந் திகதி. அமெரிக்க முறையிலே ஏப்பிரல் 5ஆந் திகதி. ஒரு மாத வேறுபாடு கிளினிக் நாளுக்குச் சிறிய வேறுபாடன்று. கருவியின் நாடு, மொழி ஆகிய அமைப்புகளை இலங்கைக்கு உரியனவாக வைத்தால் இந்த மயக்கம் பெரும்பாலும் நீங்கும். மாதத்தைப் பெயரால் காட்டும் செயலி இன்னும் நன்று. நிகழ்வின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் எழுத்துகள் 1991இல் வெளியான யூனிகோட் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றவை; ஆதலின் இக்காலக் கருவிகளில் அவற்றைக் காண்பதில் இடர்ப்பாடு இல்லை.

‘இலங்கையின் விடுமுறைகள்’ என்னும் நாட்காட்டியைக் கூகிள் கலண்டரிலே சேர்த்துக்கொண்டால் போயா நாட்கள் தாமாகவே தோன்றும். ஆனால் ‘ஒவ்வொரு பூரணையிலும் நினைவூட்டுக’ என்று ஒருவர் தாமாகவே பணிக்க முடியாது. நாள்தோறும், வாரந்தோறும், மாதந்தோறும் இன்ன திகதியில், மாதத்தின் இரண்டாவது செவ்வாயில் என்றவாறே இச்செயலிகள் மீள்வரவை அறியும். நிலவின் கணக்கு அவற்றுக்குத் தெரியாது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக நிலவின் நான்கு போயா நாட்களும் வார விடுமுறைகளாக இருந்தன என்பது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். அக்காலத்திலே இச்செயலிகள் இருந்திருப்பின், அவற்றின் வாரக் கணக்கு அந்த விடுமுறைகளோடு பொருந்தியிராது. தந்தையின் திவசத்தைத் திதியின்படி செய்பவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். ஆங்கிலத் திகதியில் ‘ஆண்டுதோறும்’ என்று குறித்துவிட்டால் அடுத்த ஆண்டிலே தவறான நாளில் அழைப்பு வரும். ஒவ்வொரு புதுவருடத்திலும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவ்வாண்டுக்குரிய திகதியைத் தனியே எழுதுவதே சரியான வழி.

மாத முடிவிலே கட்ட வேண்டிய பணத்திலும் ஒரு பொறி உண்டு. ‘மாதந்தோறும் 31ஆந் திகதி’ என்று குறித்தால், மேலே கூறிய ஐகலண்டர் நியமத்தின்படி, 31 இல்லாத மாதங்களில் அந்த நிகழ்வு வராமலே போகும். பெப்ரவரி, ஏப்பிரல், யூன், செப்ரெம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களில் செயலி மௌனமாக இருக்கும். கடன் கொடுத்தவர் மௌனமாக இருக்கமாட்டார். 28ஆந் திகதிக்கு அல்லது அதற்கு முன்னர் குறித்து வைத்தால் எந்த மாதமும் தப்பாது.

கடல் கடந்த உறவினரோடு பேசுவோர் நேர வலயத்தையும் அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே மாலை 6 மணி என்று குறித்து இலண்டனில் உள்ள மகளோடு பகிர்ந்துகொண்டால், குளிர்காலத்தில் அவளுடைய நாட்காட்டியில் அது பகல் 12.30 என்றும், கோடையில் 1.30 என்றும் தானாகவே தோன்றும். மார்ச்சு, ஒக்டோபர் மாதங்களின் இறுதி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவதே இதற்குக் காரணம். இந்நாட்டிலும் அத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்ததுண்டு. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தன. 2006ஆம் ஆண்டு ஏப்பிரலில் மேலும் அரை மணித்தியாலம் பின்வந்து பழைய நேரத்தையே அடைந்தன. கூகிள் கலண்டர் பொதுமக்களின் பாவனைக்கு வந்ததும் அதே ஏப்பிரல் மாதத்திலேதான். செயலியில் நேர வலயம் கொழும்பு என்று அமைந்திருக்கின்றதா என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

எதனைத் தெரிவு செய்வது?

மேற்கூறிய நான்கு கேள்விகளையும் வைத்து நோக்கினால் தொடக்கநிலையாளருக்குரிய விடை சிக்கலானதன்று. அன்ட்ரொயிட் கருவி வைத்திருப்பவருக்குக் கூகிள் கலண்டர் போதும். பல கருவிகளிலே அது முன்னரே இருக்கும். ஐபோன் வைத்திருப்பவருக்கு அதனுடன் வரும் கலண்டர் போதும். வேலைத்தலத்திலே அவுட்லுக் பாவிப்பவர் அதனையே சொந்தக் கருமங்களுக்கும் பாவிக்கலாம். ஆயின் வேலைத்தலக் கணக்கை விடுத்துத் தமது சொந்தக் கணக்கிலே எழுதுதல் வேண்டும். வேலையை விட்டு விலகும் நாளில் வேலைத்தலக் கணக்கு மூடப்படும். தம் வாழ்க்கைக் குறிப்புகளை எந்தப் பெரிய நிறுவனத்திடமும் வைக்க விரும்பாதவர், அன்ட்ரொயிட் கருவியிலே ஈற்றார் அல்லது பொசிபை கலண்டரை நாடலாம். அவை மூலநிரல் வெளிப்படையானவை, கணக்கின்றியும் இயங்குவன. அவ்வாறு பாவிப்பவர் ஐ.சி.எஸ். பிரதியைத் தாமே அடிக்கடி எடுத்து வைக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் நாட்காட்டிகளும் பல உண்டு. அவற்றின் சிறப்பு வசதிகள் நாளொன்றுக்குப் பத்துச் சந்திப்புகள் உள்ளவருக்குப் பயன்படுவன. மாதத்துக்குப் பத்துக் கருமங்கள் உள்ளவருக்கு வேண்டியதில்லை.

தெரிவு செய்த பின்னர் ஒரே நாட்காட்டியில் மட்டும் எழுதுதல் வேண்டும். பாதியை ஒன்றிலும் மீதியை மற்றொன்றிலும் எழுதியவர் இரண்டையும் நம்ப முடியாதவராகின்றார். முதல் வாரத்தில் மூன்று கருமங்களை மட்டும் எழுதினாற் போதும்: வைத்தியசாலை நாள் ஒன்று, பணம் கட்டும் நாள் ஒன்று, குடும்ப நிகழ்வு ஒன்று. ‘கிளினிக்’ என்று மட்டும் எழுதாமல், ‘கிளினிக், காலை 7, கொப்பியும் இரத்தப் பரிசோதனைத் தாளும் கொண்டுசெல்லல்’ என்று எழுதுதல் நலம். அழைப்பு வரும் நேரத்தில் அந்த ஒரு வரியே வழிகாட்டும். கண்பார்வை மங்கிய முதியவருக்காக மகனோ மகளோ எழுதிக் கொடுக்கலாம். பகிர்ந்துகொள்ளும் வசதி இருப்பதால், வவுனியாவில் உள்ள தாயின் கிளினிக் நாளுக்குக் கொழும்பில் உள்ள மகனின் கைத்தொலைபேசியும் ஒலிக்குமாறு செய்யலாம்.

சுவர் நாட்காட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்பதில்லை. வீட்டில் உள்ள எல்லோரும் ஒருங்கே காணத் தக்கது அதுவே. மின்கலம் தீர்ந்தாலும் அது மறையாது. வைத்தியசாலை நாளை அதிலும் ஒரு வட்டமிட்டு வைப்பதால் குறைவில்லை. ஆயினும் வட்டமிட்ட நாளைப் பார்க்க மறந்தவரை அழைப்பதற்குக் கையிலே ஒரு கருவி உண்டு. அது எந்தப் புதிய செலவுமின்றி அத்தொழிலைச் செய்யக் காத்திருக்கின்றது. கிளினிக் கொப்பியை எடுத்து, அடுத்த திகதியைப் பார்த்து, அதனைக் கைத்தொலைபேசியிலே எழுதி, முதல் நாள் மாலைக்கும் அன்று காலைக்கும் இரண்டு அறிவிப்புகளை வைப்பதற்கு ஐந்து நிமிடமே செல்லும். தொடங்குவதற்கு வேறு ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை.